இருபத்தேழாம் எண் பழம்

எங்கள் மாடி அறையின் கதவு நிலையில், என் தலைக்கு ஒரு சாண் மேலே, நகத்தளவு வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கிறது. அதில் நீல மையில் 27 என்று எழுதியிருக்கும். ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு சின்னக் கோடு. அப்படி ஏழு போடுகிறவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை. போன பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் அதைச் சுரண்டப் போனபோது, நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். "அதைச் சுத்தி அடிங்க, அதும்மேல மட்டும் கை வெக்காதீங்க" என்றேன். ஏதோ மந்திரித்து ஒட்டியது என்று நினைத்திருப்பார் போல. அன்று முழுக்க அந்தக் கதவுப் பக்கம் போகவே தயங்கினார்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சீசனில் லாரி லாரியாகப் பழம் வந்து இறங்கும். ஒவ்வொரு லாரியிலிருந்தும் எடுத்த மாதிரிப் பழத்தின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து, இறக்கலாமா திருப்பி அனுப்பலாமா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கொஞ்சம் வாய் நீளம் என்று பெயர். ஒருமுறை லோடு இறக்குகிற ஆள் ஒருவர் மாதிரித் தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கடித்துவிட்டார். "அது பழமில்லங்க, கணக்கு" என்று அவரை நான் பிடித்த பிடியில், அதற்குப் பிறகு அவர் எங்கள் அறை வாசலைக்கூட மிதிக்கவில்லை. இதை இங்கே சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

மூன்று சீசனுக்கு முன்னால், ஏப்ரல் கடைசியில், மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், நெதர்லாந்துல இருந்து ஒரு ஸ்டூடன்ட் பொண்ணு வருது. மூணு மாசம் ஆராய்ச்சிப் பயிற்சி. மாம்பழம்தான் சப்ஜெக்ட். தனியா லாட்ஜுல விட முடியாது பாருங்க. உங்க மாடி ரூம் சும்மாத்தானே இருக்குது?" என்றார். பத்துப் பேர் முன்னால் கேட்டால் என்ன சொல்ல முடியும்? தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்காரர், "நீ தலையாட்டிட்டே, இனி நான் எதுக்கு வாயைத் திறக்கணும்" என்றார்.

பெங்களூர் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வயது இருக்கும். முகமெல்லாம் சிவந்து, அவளே செந்தூர மாம்பழம் மாதிரி இருந்தாள். நல்ல உயரம். மாடி அறைக்குள் நுழையும்போதே நிலையில் 'மடார்' என்று நெற்றியை இடித்துக்கொண்டாள். நான் பதறிப்போய் எண்ணெய் எடுக்க ஓடினேன். அவள் நெற்றியைத் தேய்த்தபடி, விமானத்தில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னாள்: "பரவால்ல."

என்னோடு இங்கிலீஷில் பேசுவாள். மற்றபடி அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முதல் மாதத்தை அவள் ஓட்டினாள் என்றே சொல்லலாம். வாளியும் சொம்புமாகக் குளிக்க வேண்டும் என்றபோது பரவால்ல. கரன்ட் போய் ஃபேன் நின்றபோது பரவால்ல. என் ரசத்தில் கண்ணில் தண்ணீர் வந்தபோதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பரவால்ல. இரண்டாவது வாரம் வயிறு கெட்டு மூன்று நாள் படுத்தே கிடந்தாள். மோரும் கஞ்சியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஊருக்கு ஃபோன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டதற்கு, அம்மா பயந்துவிடுவாள், வேண்டாம் என்றாள். அன்றைக்கு எனக்கும் என்னவோ போல ஆகிவிட்டது. பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் ஒரு பெண் பிள்ளை என் வீட்டு மாடியில் காய்ந்து கிடக்கிறதே என்று சாமி முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன்.

தெருவுக்கு அவளைச் சீக்கிரம் பிடிக்கவில்லை. எதிரே வருகிறவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், நின்று, யோசித்து, காலையில் இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டதாக விவரம் சொல்லுவாள். கேட்டவர் பாதி தூரம் போயிருப்பார். அறைக்குள் போனால் கதவைச் சாத்திக்கொள்வாள். அதுதான் பெரிய குற்றமாகிப் போயிற்று. எங்கள் தெருவில் பகலில் கதவைச் சாத்தினால் ஒன்று வீட்டில் சண்டை, இல்லை யாருக்கோ உடம்பு சரியில்லை. "ஆராய்ச்சிப் பொண்ணுக்குக் கொஞ்சம் ராங்கி ஜாஸ்தி" என்று பேச ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அத்தை ஒருவர் இருக்கிறார். மகன் ஓசூரில் கம்பெனியில் வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவான். அந்த அத்தை மட்டும்தான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போடுவார். போதும் என்று தமிழிலும், சாலு என்று தெலுங்கிலும், சாக்கு என்று கன்னடத்திலும் அவள் சொல்லிப் பார்ப்பாள். மூன்று பாஷைக்கும் அடங்காமல் இன்னொரு கரண்டி விழும்.

வந்த நாலாம் நாள் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். அறைக்குப் பூட்டு, சாவி வேண்டும் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "நம்ம வீட்டுல எதுக்கும்மா பூட்டு? யாரு வந்து என்ன எடுக்கப் போறாங்க?" என்று சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்கும் அவள் பரவால்ல என்றாள்.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான். பறித்த செந்தூரப் பழம், குளிரூட்டும் அறை எதுவும் இல்லாத ஒரு சாதாரண வீட்டில், எத்தனை நாள் தாங்கும்? எந்த நாளில் பழுக்கிறது, எந்த நாளில் கெடுகிறது? நாகரசம்பட்டியில் ஒரு தோட்டத்தில் ஒரே நாளில் பறித்த அறுபது காய்களை வாங்கி வந்து, மாடியில் மூங்கில் தட்டுகளில் வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதிய ஸ்டிக்கர். தினமும் காலையில் ஒவ்வொரு பழத்தையும் எடை போட்டு, படம் எடுத்து, ஒரு சின்னக் கருவியால் மெல்ல அழுத்தி, நோட்டில் எழுதுவாள். பழம் அழுகிற நாள்தான் அதற்கு முடிவு. அந்த நாள் தெரிந்தால்தான் அதுவரை எழுதியதற்கெல்லாம் பிரயோஜனம். அவளுடைய படிப்பே இந்த அறுபது பழத்தில்தான் இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். "அழுகற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று அவர் கேட்டார்.

பதினைந்தாம் நாள் ஆகும்போது இருபத்திரண்டு பழங்கள் அழுகி முடிந்திருந்தன, முப்பத்தெட்டு மிச்சம். அந்த வெள்ளிக்கிழமை அவள் தளிப் பக்கம் தோட்டங்களைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுவதாக ஏற்பாடு. போகும் முன் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். "அக்கா, தினமும் சாயங்காலம் பாருங்க. எந்த நம்பர்ல கறுப்பு வந்துதோ, அது மட்டும் எழுதுங்க. தொட வேண்டாம்" என்றாள். என்னிடம்தான் கொடுத்தாள். நான் பரிசோதனைக் கூடத்துக்காரி என்று நம்பிக் கொடுத்தாள். வெள்ளி எழுதினேன், சனி எழுதினேன், இரண்டு நாளும் எதிலும் கறுப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்கினார். வாசலில் கால் வைக்கும்போதே மூக்கை உயர்த்தி, "என்ன அண்ணி, வீடே மணக்குது? எங்களுக்கு ஒரு பழம் குடுத்தனுப்பணும்னு தோணலையா?" என்றார். உண்மையில் அந்த வாசம் இரண்டு நாளாகவே தெருக்கோடி வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. சீசனில் ஒரு வீட்டில் பழம் மணந்தால் அக்கம்பக்கத்துக்குப் போகாமல் இருக்காது. அப்படிப் போகாவிட்டால் வாய்விட்டு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அடுத்த கல்யாணப் பத்திரிகை வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். பழத்தை வைத்து அழுக விடுகிற வீடு விளங்காது என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அந்தச் சமயம் பார்த்து அவளிடமிருந்து ஃபோன். தளியில் மழை, செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்றாள்.

மாடிக்குப் போனேன். கொசுவளவு ஈக்கள் மொய்க்க ஆரம்பித்திருந்தன. முப்பத்தெட்டும் தொட்டால் தேன் வழிகிற பக்குவத்தில் இருந்தன. இன்னும் இரண்டு நாள் விட்டால் அத்தனையும் குப்பை. பதினேழு நாள் எழுதியாகிவிட்டதே, அழுகுகிற நாளை ஒரு மாதிரி உத்தேசமாகப் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று என் புத்தி சொன்னது. தொழிற்சாலையில் இதையே வேறொருவர் சொல்லியிருந்தால் நான் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் பரிசோதனைக் கூடத்து வெள்ளை அங்கியோடு அந்தக் கண்டிப்பையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறோம் போலிருக்கிறது. ஸ்டிக்கரோடு கொடுத்தால் கடையில் தள்ளின சரக்கு மாதிரி இருக்கும் என்று ஒவ்வொன்றாக உரித்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். தட்டுத்தட்டாகப் பதினோரு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். எல்லா வீட்டிலும், "மாடியில இருக்கற பொண்ணு குடுத்துச்சு" என்றே சொல்லச் சொன்னேன். அவளைப் பற்றித் தெருவில் ஒரு நல்ல பேச்சு வரட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் மாடி ஏறிய சத்தம் கேட்டது. இறங்கி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, பழம் எங்க?" என்றாள். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "குரங்கும்மா. கூட்டமா வந்துடுச்சு. நான் வேலைக்குப் போயிருந்தேன்" என்றேன். எங்கள் பக்கம் மலைக் குரங்குகள் வருவதுண்டு. அவள் உடனே நம்பினாள். மறுபடி மாடிக்குப் போய் ஜன்னல் கம்பி இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தாள். பால்கனிக் கதவை ஆட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். "என் தப்பு அக்கா, நான் வலை போட்டிருக்கணும்" என்றாள். அவள் தன்னையே குறை சொல்லிக்கொண்டபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் நாங்கள் இருவரும் வாசலில் நின்றிருந்தோம். பக்கத்து வீட்டு அத்தை தட்டைத் திருப்பித் தர வந்தார். வெறும் தட்டாகத் திருப்பித் தருகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. தட்டு நிறைய எள்ளுருண்டை வைத்திருந்தார். அதை என்னிடம் தராமல் நேராக அவள் கையில் கொடுத்தார். "நீ குடுத்தனுப்புன பழம் அவ்ளோ ருசி கண்ணு. நாலு பழத்துல மூணு தின்னுட்டேன். ஒண்ணை எம்மவனுக்குன்னு அரிசி டிரம்முல எடுத்து வெச்சிருக்கறேன்" என்று அவள் கன்னத்தை வழித்தார். பழம், நீ, குடுத்த என்கிற அளவுக்கு அவளுக்கு அப்போது தமிழ் வந்திருந்தது. தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"குரங்கு?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தப்புப் பண்ணிட்டேம்மா" என்று ஆரம்பித்து, வாசம், நாத்தனார், தெரு என்று ஏதேதோ உளறினேன். கடைசியில் வெட்கங்கெட்டுப் போய், "பரவால்லன்னு சொல்லும்மா" என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவள் அந்த எள்ளுருண்டைத் தட்டைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து, "இது பரவால்ல இல்ல, அக்கா" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மாடிக்குப் போய் நோட்டை எடுத்து வந்தாள். பரிசோதனைக் கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. தப்பாக எழுதியதை அடித்து அழிக்க மாட்டோம். படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். அவள் குரங்குகளைப் பற்றி எழுதியிருந்த வரிகளின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தாள். பேனாவை என்னிடம் நீட்டினாள். உங்கள் மொழியிலேயே எழுதுங்கள், நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன் என்றாள். இருபது வருஷமாக ஊரார் பழத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட கையில் பேனாவை வாங்கிக்கொண்டேன். 'முப்பத்தெட்டுப் பழங்களையும் நான் எடுத்து, எண்களை உரித்து, பதினோரு வீடுகளுக்குக் கொடுத்தேன். குரங்கு வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை அவள் படம் எடுத்துத் தன் பேராசிரியருக்கு அனுப்பினாள்.

விஷயம் அத்தைக்கு எப்படி விளங்கியது என்று தெரியாது. என் அழுகையே சொல்லியிருக்கும். கொஞ்ச நேரத்தில் கையில் அந்த ஒற்றைப் பழத்தோடு வந்தார். "இந்தா கண்ணு. எம்மவன் அடுத்த வாட்டி தின்னுக்குவான்" என்றார். அதைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அவசரத்தில் நான் உரிக்காமல் விட்டது. 27. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். எத்தனை நாள் அரிசிக்குள் இருந்தது என்று அத்தையிடம் கேட்டு, அதையும் எழுதிக்கொண்டாள். அறுபதில் ஒரு பழத்தை வைத்துக்கொண்டு ஆராய்ச்சியில் எதையும் நிரூபிக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செந்தூரா சீசனும் முடிந்திருந்தது. இருந்தாலும் காலி மூங்கில் தட்டின் நடுவில் அந்த ஒன்றை வைத்து, மறுநாள் காலையிலிருந்து எடை போட ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தெரு மாடி ஏறி வந்தது. பதினோரு வீட்டிலிருந்தும் வந்தார்கள். தெரியாமல் தின்றுவிட்டோமே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். சிலர் சும்மா பார்க்க வந்தார்கள். அவள் நோட்டை எடுத்துக்கொண்டு, காம்புப் பக்கம் எப்படி இருந்தது, கொட்டையைச் சுற்றிப் புளித்ததா என்று கேட்டாள். மாம்பழத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அளந்து சொன்ன மாதிரி சொன்னார்கள். கதவு சாத்தியிருந்தால் தட்டிவிட்டு நின்றார்கள். வேலைக்குப் போகும் வழியில் என்னை நிறுத்தி, "இருபத்தேழு எப்படிங்க இருக்குது?" என்று ஆஸ்பத்திரியில் இருக்கிற ஆளை விசாரிப்பது போல விசாரித்தார்கள். பழத்தில் முதல் கறுப்புப் புள்ளி வந்த அன்று அத்தை கை பரபரக்க நின்றார். "இப்போ அறுத்தா பாதியாவது தேறுமே" என்று முணுமுணுத்தார். ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கறுப்பு பரவி, தோல் சுருங்கி, ஒரு பக்கம் அமுங்கி நீர் விட்டது. ஒரு பழத்தையும் அழுக விடாத எங்கள் தெரு, அந்தப் பழத்தை மட்டும் முழுசாக அழுக விட்டது. அழுகிய நாளை அவள் எழுதிவிட்டு நோட்டை மூடினாள்.

என்னோடு பேசாமல் இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். சாப்பிட வந்தாள், தொழிற்சாலைக்கு என்னோடுதான் பஸ் ஏறினாள். கரன்ட் போனால் பரவால்ல என்றாள், ரசத்துக்கும் சொன்னாள். முப்பத்தேழு பழத்துக்கு மட்டும் சொல்லவில்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று, தெருவே பஸ் ஸ்டாண்டுக்கு வரும் போலிருந்தது. ஆளாளுக்கு ஊறுகாயும் முறுக்கும் திணித்தார்கள். அவர்கள் மத்தியில் அவள் மூன்று பாஷையிலும் போதும் போதும் என்று சிரித்துக்கொண்டிருந்தாள். பஸ் ஏறும்முன் நான் அவள் கையைப் பிடித்து, "இப்பவாவது சொல்லும்மா" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "இன்னும் இல்ல, அக்கா" என்றாள். வீட்டுக்கு வந்து மாடியைக் கூட்டப் போனபோதுதான் நிலையில் ஸ்டிக்கரைப் பார்த்தேன். அவள் வந்த அன்று நெற்றியை இடித்துக்கொண்ட அதே இடம்.

அந்த ஆராய்ச்சியை அவள் கல்லூரி முழுமையானதாக ஏற்றுக்கொள்ளவில்லை என்றும், வேறொரு வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டி வந்து பட்டம் ஆறு மாதம் தள்ளிப் போனது என்றும் பிற்பாடு மேனேஜர் மூலம் தெரிந்துகொண்டேன். அவள் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புவாள். அத்தையின் மகனுக்குக் கல்யாணம் என்றதும் அவனுக்கும் அனுப்பினாள். நான் பழத்தைப் பற்றி எடுக்க மாட்டேன், அவளும் எடுக்க மாட்டாள்.

போன வாரம், மாமரங்கள் பிஞ்சு விட்டிருக்கிற இந்த நேரத்தில், அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தமிழிலேயே தட்டியிருந்தாள். மேல்படிப்புக்கு அதே ஆராய்ச்சியை மறுபடி செய்யப் போகிறாளாம், இந்த முறை நூற்றிருபது பழம். தொழிற்சாலை தன் விருந்தினர் அறையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறதாம், ஏசி எல்லாம் உண்டாம். கீழே ஒரே ஒரு வரி: 'அக்கா, மாடி ரூம் இருக்கா?'

அதைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் பயந்துபோய் என்ன ஏது என்று கேட்டார். ஃபோனைக் காட்டினேன். படித்துவிட்டு, "போய்ப் பதில் போடு. அந்தப் பொண்ணு வேற எடம் பாத்துடப் போகுது" என்றார். அத்தையிடம் சொன்னேன். "நூத்தியிருபதா? சாமி, தெருவே மூக்கைப் பொத்திக்கணும் போல இருக்குதே" என்றவர், "சரி சரி, ஒருத்தரும் தொட மாட்டோம்னு சொல்லிடு" என்றார்.

அன்று சாயங்காலமே கடைவீதிக்குப் போய் நல்ல பூட்டாகப் பார்த்து ஒன்று வாங்கினேன். தச்சரை வரவழைத்து மாடிக் கதவில் கொண்டி வைத்தேன். ஆணி அடிக்கும்போது ஸ்டிக்கர் அதிராமல் அதன் மேல் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். பூட்டுக்கு இரண்டு சாவி கொடுத்தார்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டுமே, அவசரத்துக்கு ஆகும் என்றார் வீட்டுக்காரர். வேண்டாம் என்று இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்து வைத்திருக்கிறேன். இரண்டுமே அவளுக்குத்தான்.